மூச்சுக்காகத்தான் மாத்திரை

விலா எலும்பு எடுத்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு பழைய வார்டு சிஸ்டரின் அறிவுரைகள்

விலா எலும்பை எடுத்துவிட்டால் நெஞ்சு குழிந்துவிடுமா என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. குழியாது. நமக்கு இருப்பது பன்னிரண்டு ஜோடி, ஆக 24 விலா. அதில் உங்களுக்கு எடுத்திருப்பது பெரும்பாலும் மேலே இருக்கும் முதல் விலா. குட்டையாக, தட்டையாக, காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பது. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தருகில் கூடுதலாக ஒரு விலா இருக்கும். அதைக் கழுத்து விலா என்பார்கள். நூறு பேரில் ஒருவருக்குக்கூட இருக்காது. இருப்பவர்களிலும் பலர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போகின்றன. சந்து நெருக்கினால் கை மரக்கும், வலிக்கும், வீங்கும், சில பேருக்கு வெளுத்துச் சில்லிடும். டாக்டர்கள் தோராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று எழுதுவது இதைத்தான். எலும்பை எடுத்தால் சந்து அகலும். இது ஒன்றும் புது வைத்தியம் இல்லை. லண்டனில் 1861-லேயே கழுத்து விலாவை எடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1910-ல் முதல் விலாவை எடுத்தார்கள்.

நெஞ்சு அறுவை வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எழுதுவது பெரும்பாலும் முதல் விலாவோ கழுத்து விலாவோ எடுத்தவர்களுக்கு. மூக்கு, காது சீரமைப்புக்குக் கீழ் விலாக் குருத்தெலும்பு கொடுத்தவர்களுக்கும், நெஞ்சில் கட்டி என்று விலாவை எடுத்தவர்களுக்கும் வலி, மூச்சு பற்றிச் சொல்வது பொருந்தும். கையைப் பற்றிச் சொல்வதை அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சர்ஜன் சொன்னதும் நான் சொல்வதும் எங்காவது முட்டினால், சர்ஜன் சொன்னதுதான் செல்லும். உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

1. வலியைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை.

கால் உடைந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சுக்கூட்டை அப்படி வைக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் அறுபட்ட இடம் அசைகிறது. வலித்தால் உடம்பு தானாக மூச்சைக் குட்டையாக்கிக்கொள்ளும். மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நுரையீரலின் அடிப்பக்கம் விரியாது. சளி அங்கேயே தங்கும். அப்புறம் காய்ச்சல், நிமோனியா, மறுபடி அட்மிஷன். "நான் தாங்கிக்குவேன் சிஸ்டர், மாத்திரை நிறையப் போட்டா கிட்னி போயிடும்" என்று சொல்லும் ஆம்பிளைகள்தான் எங்களுக்கு அதிகக் கவலை கொடுத்தவர்கள்.

ஆகையால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வலி மாத்திரை நீங்கள் சுகமாகப் படுத்திருப்பதற்காகக் கொடுத்தது இல்லை. ஆழமாக மூச்சு இழுக்க, இருமிச் சளியை வெளியே தள்ள, எழுந்து நடக்க, கையை அசைக்க. இந்த நான்கும் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் இருப்பவர்கள் "இப்ப வலிக்குதா?" என்று படுத்திருக்கிறவரைக் கேட்பார்கள். அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. ஒருமுறை இருமச் சொல்லுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் கேளுங்கள். படுத்தால் இரண்டு, இருமினால் எட்டு என்கிறவருக்கு வலி அடங்கவில்லை. டாக்டருக்குப் போன் போட வேண்டிய எண் அந்த எட்டு.

2. வலி வந்த பிறகு தேடாதீர்கள், மணி பார்த்துப் போடுங்கள்.

முதல் ஒரு வாரம், பத்து நாளுக்கு இதுதான் முறை. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நடு இரவு. அந்த நடு இரவு மாத்திரையைத்தான் எல்லா வீட்டிலும் விடுவார்கள். 'பாவம், தூங்குது' என்று விட்டுவிட்டால் விடிகாலை நாலு மணிக்கு வலியே எழுப்பிவிடும். அப்போது போடும் மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அலாரம் வைத்து எழுப்பிக் கொடுங்கள், மறுபடி தூங்கிவிடுவார்.

எழுதிக் கொடுத்ததில் அடிப்படை மருந்து பாராசிட்டமால். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 650 மாத்திரை என்றால் ஆறோடு நிறுத்த வேண்டும். ஒல்லியானவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்களுக்கு அளவு அதைவிடக் குறைவு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சளி மாத்திரைக்குள் பாராசிட்டமால் இருக்கும். அசெக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரைக்குள் இருக்கும். டிரமடால் கூட்டு மாத்திரைக்குள்ளும் இருக்கும். அட்டையின் முன்பக்கத்தில் மூன்று பேர் போட்டிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் மூன்றிலும் ஒரே சரக்கு. ஆகவே எந்தப் புது அட்டை வீட்டுக்குள் வந்தாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் பிரிக்காதீர்கள்.

இபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் வகை நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், கிட்னிக் கோளாறு இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து. கை ரத்தக் குழாயில் கட்டி அடைத்துப்போனதற்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். மருந்துக் கடையில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று நீங்கள் கேட்கவே கூடாது.

டிரமடால் போட்டால் சிலருக்குக் குமட்டும், தலை சுற்றும். முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற நரம்பு வலிக்குப் பிரிகாபலின் அல்லது காபாபென்டின் கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கொடுக்கும். நன்றாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை எதனோடும் மது சேரக் கூடாது.

குறைக்கும் நேரம் வரும்போது பலமான மாத்திரை முதலில் போகட்டும். பாராசிட்டமால் கடைசியாகப் போகட்டும். பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

3. மூன்று பந்து கருவியை ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள்.

ஸ்பைரோமீட்டர் என்று கொடுத்து அனுப்புவார்களே, அதைப் பார்த்தால் யாருக்கும் ஊதத்தான் தோன்றும். வார்டில் சொல்லிக் கொடுத்தும் வீட்டுக்குப் போய் ஊதிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். நிமிர்ந்து உட்காருங்கள். முதலில் காற்றை வெளியே விடுங்கள். குழாயை உதட்டால் இறுகப் பிடித்து மெதுவாக உள்ளே இழுங்கள். பந்து மேலே போனதும் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு விடுங்கள். மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் டக்கென்று தூக்கிக் காட்டுவதில் ஒன்றும் இல்லை. ஒரு பந்தை நிதானமாகத் தூக்கி நிறுத்துவதுதான் நுரையீரலை விரிக்கும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து முறை. தலை சுற்றினால் நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள்.

மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து இதைச் செய்தால் வலி குறைவாக இருக்கும். நடை, கைப் பயிற்சி எல்லாவற்றையும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. இருமலை அடக்காதீர்கள்.

ஒரு துண்டைக் கெட்டியாக மடித்தோ, சின்னத் தலையணையையோ, ஆபரேஷன் ஆன பக்கத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். வலி பாதியாகும். தும்மல் வந்தாலும், சிரிப்பு வந்தாலும் அப்படியே. தலையணை எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இருமல் சிரப் வாங்கி அடக்குவது சளியை உள்ளேயே பூட்டி வைக்கிற வேலை.

நெஞ்சைச் சுற்றி பெல்ட்டோ கட்டோ போடலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். எலும்பு கூட வேண்டும் என்றால்தான் கட்டு. இங்கே எலும்பையே எடுத்தாயிற்று. இறுக்கிக் கட்டினால் மூச்சுதான் குறையும்.

5. பீடி, சிகரெட் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் பிடிப்பதும் வேண்டாம்.

6. படுப்பதற்கும் எழுவதற்கும் ஒரு முறை உண்டு.

முதல் இரண்டு வாரம் மல்லாந்து தட்டையாகப் படுக்க முடியாது. முதுகுக்கு மூன்று தலையணை சாய்வாக அடுக்குங்கள். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கைக்கு அடியில், முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை, இன்னொன்று. கை தொங்கினால் அதன் கனம் முழுக்கக் கழுத்தை இழுக்கும். பல வீட்டில் தாத்தா காலத்துத் துணி சாய்வு நாற்காலியைத் தூசி தட்டி எடுத்துப் போடுவார்கள். பார்க்க வசதிதான். அதில் உட்கார்ந்தால் இரண்டு தோளும் முன்னால் குவியும். எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றியே ஆக வேண்டும். நிமிர்ந்த முதுகும் கைப்பிடியும் உள்ள சாதாரண நாற்காலியே போதும். தரையில் பாய் போட்டுப் படுப்பது ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

எழும்போது ஆபரேஷன் ஆகாத பக்கமாக ஒருக்களியுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். கால் இறங்கும் கனத்திலேயே, நல்ல பக்கத்து முழங்கையை ஊன்றி, எழுந்து உட்காருங்கள். பார்த்துக்கொள்கிறவர் கவனிக்க: கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது அதைவிட மோசம்; பாதிப் பேருக்குத் தையலே அங்கேதான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் தாங்குங்கள், அவராக எழுவார்.

7. கையைத் தொங்கவும் விடாதீர்கள், கட்டியும் வைக்காதீர்கள்.

தூளி மாட்டிக்கொண்டு ஒரு மாதம் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிப்போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது சீக்கிரம் வரும், லேசில் போகாது. விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டுங்கள். தோளை எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன எல்லைக்குள் தூக்குங்கள். சுவருக்கு முன்னால் நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுவது நல்ல பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், வாரத்துக்கு வாரம் கோடு ஏறுவதைப் பார்ப்பது டானிக்கை விட மேல். இழுத்துப் பிடிக்கிறது என்றால் தொடரலாம். கையெல்லாம் மின்னல் ஓடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். யூடியூப் பார்த்து நரம்பை இழுக்கும் பயிற்சிகளை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஆபரேஷன் ஆன நரம்புக்கு அது பிசியோ பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம்.

8. கனம் தூக்காதீர்கள். எது கனம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"நான் எதையும் தூக்கலையே" என்பவரிடம் துருவிக் கேட்டால் வாளியில் தண்ணீர் பிடித்திருப்பார். முக்கால் வாளித் தண்ணீரே பத்து கிலோவுக்கு மேல். நிறைந்த குடமும் ஏறக்குறைய அதுதான். கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதை உருட்டுவதும் கூடாது. ஒரு வயதுக் குழந்தை ஒன்பது, பத்து கிலோ. குழந்தையைத் தூக்காமல் இருப்பது தாய்க்குக் கஷ்டம்தான். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறு யாராவது மடியில் கொண்டுவந்து விடட்டும். முதல் சில வாரம் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்கு மேல் அந்தக் கையில் எதுவும் வேண்டாம். ஆறு வாரம்வரை இதுதான் பொதுவான கணக்கு, சிலருக்கு நீளும்.

கனம் இல்லாமலே தொந்தரவு தருவது, கை தலைக்கு மேல் நிற்கும் வேலைகள். கொடியில் துணி உலர்த்துவது, ஒட்டடை அடிப்பது, பரணில் தேடுவது, பேருந்தில் மேல் கம்பியைப் பிடிப்பது, பின்னலைப் பின்னிக்கொள்வது. முடியை மகளோ கணவரோ பின்னிவிடட்டும். சுமாராகத்தான் பின்னுவார்கள், பரவாயில்லை. தோள்பை, லேப்டாப் பை அந்தத் தோளில் பல மாதம் ஏறக் கூடாது.

9. மலச்சிக்கலை முதல் நாளே கவனியுங்கள்.

இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். டிரமடால் வகை மாத்திரை குடலை மந்தமாக்கும். நான்காம் நாள் மூச்சைப் பிடித்து முக்கும்போது தெரியும் நெஞ்சு வலி என்றால் என்னவென்று. பப்பாளி, கீரை, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர். இரண்டு நாள் போகவில்லை என்றால் டாக்டர் எழுதிய லாக்டுலோஸ் போன்ற சிரப்பை ஆரம்பியுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை என்றால் எழும்போது குழாயையோ ஜன்னல் கம்பியையோ பிடித்து இழுத்து எழுவீர்கள், எந்தக் கை என்று யோசிக்க நேரமிருக்காது. மேலே வைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

பத்தியம் என்று ரசம் சாதத்திலேயே ஓட்டாதீர்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர், எது உங்கள் வீட்டு வழக்கமோ அது. இடது பக்கம் ஆபரேஷன் ஆகி, கொழுப்பில்லாத சாப்பாடு என்று டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதைக் கடுமையாகக் கடைப்பிடியுங்கள். நிணநீர்க் குழாய் கசிவதால் சொல்லியிருப்பார்.

10. காயத்தில் எதையும் பூசாதீர்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், திருநீறு, முகப் பவுடர், எதுவும். குளிக்கலாம் என்று சொன்ன பிறகு தண்ணீர் படலாம், தேய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். அக்குளில் தையல் இருந்தால் நம் ஊர் வெயிலில் வியர்வைதான் எதிரி. கையை இடுப்பில் ஊன்றியபடி மின்விசிறிக்கு எதிரே உட்காருங்கள், காற்றுப் போகும். காயம் முழுக்க ஆறும்வரை சவரமும் ஸ்ப்ரேயும் கிடையாது.

11. மரத்துப்போன இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

அக்குள் வழியாகச் செய்த பலருக்கு மேல்கையின் உள்பக்கம் மரத்திருக்கும். அந்த வழியில் போகும் தோல் நரம்பு ஒன்று இழுபட்டிருக்கும் அல்லது அறுபட்டிருக்கும். அங்கே சூடு தெரியாது. பாட்டி பாசத்தோடு வெந்நீர்ப் பையை வைப்பார், கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். ஐஸும் அப்படியே. பிடரியிலும் முதுகிலும் தசை இறுகி வலிப்பது சகஜம்; உணர்ச்சி நன்றாக உள்ள அந்த இடங்களுக்குத் துணி சுற்றிய மிதமான ஒத்தடம் பத்து நிமிடம் கொடுக்கலாம். எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வருகிறவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

12. உடுப்பு.

முன்பக்கம் திறக்கும் சட்டை, முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி. போடும்போது ஆபரேஷன் ஆன கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். காறை எலும்புக்கு மேலே தையல் இருந்தால் உள்ளாடைப் பட்டையும் தாலிக்கொடியும் அதிலேயே போய் உரசும். கொஞ்ச நாளைக்கு மஞ்சள் கயிறாக மாற்றிக்கொள்ளலாம், மாமியார்கள் ஒத்துக்கொள்வார்கள். பட்டுப் புடவை முந்தானையின் கனத்தை இடது தோள் ஆபரேஷன் ஆனவர்கள் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் பருத்தியே போதும்.

13. வண்டி.

இரு சக்கர வண்டி ஓட்டுவதும் பின்னால் உட்காருவதும் சர்ஜன் அனுமதிக்கும்வரை கிடையாது. தூக்கம் தரும் மாத்திரை சாப்பிடும்வரை எந்த வண்டியையும் ஓட்டக் கூடாது. காரில் சீட் பெல்ட் கதவுப் பக்கத்துத் தோளின்மேல்தான் ஏறி வரும். ஆகவே இடது பக்கம் ஆபரேஷன் என்றால் பின் சீட்டில் வலது ஓரம், வலது பக்கம் என்றால் இடது ஓரம். விமானம் ஏறுவதற்கு முன் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். லீவு முடிகிறது என்று வளைகுடாவுக்கு அவசரமாகக் கிளம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

14. மூன்றாவது வாரம் ஏமாற்றும்.

முதல் வாரம் வலி யாரையும் ஆடவிடாது. இரண்டாவது வாரம் பயம் இருக்கும். மூன்றாவது வாரத்தில் தையல் பிரித்தாகிவிடும், பார்க்க வருகிறவர்கள் "ஆளு தேறிட்டீங்களே" என்பார்கள், மாத்திரையும் குறைந்திருக்கும். அன்றைக்குத்தான் வீடு கழுவுவார்கள், கடை திறப்பார்கள். மறுநாள் கழுத்திலிருந்து விரல்வரை பிடித்துக்கொண்டு, ஆபரேஷனே தோற்றுப்போனது என்று அழுவார்கள். தோற்கவில்லை. உள்தசை ஆற ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நன்றாக இருக்கும் நாளில் நினைத்ததில் பாதி வேலை மட்டும் செய்யுங்கள். கெட்ட நாளிலும் படுக்கையை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்துவிடுங்கள்.

15. நரம்பு உங்கள் அவசரத்துக்கு வராது.

அறுபட்டோ நசுங்கி உள்ளிழை செத்தோ போன நரம்பு திரும்ப வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல் நுனிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே அமுங்கியிருந்த நரம்பு என்றால் சீக்கிரம் தெளியும். சிலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே கை லேசாகிவிடும். சிலருக்கு மாதக் கணக்கு. நடுவில் ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, திடீரென்று சுரீர் என்பது எல்லாம் வரும். பெரும்பாலும் நரம்பு விழிக்கும் அடையாளம்தான். பக்கத்து வார்டுக்காரர் இரண்டே வாரத்தில் வேலைக்குப் போனார் என்று கேட்டு மனம் உடையாதீர்கள். அவர் நரம்பு வேறு, உங்கள் நரம்பு வேறு.

இந்த நோய்க்காரர்களில் நிறையப் பேர், 'எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் மனசுதான்' என்று பல இடத்தில் கேட்டு நொந்து வந்தவர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் "இன்னுமா வலிக்குது?" என்று வீட்டில் கேட்டால் அந்தப் பழைய புண் கிளறும். கேட்காதீர்கள். தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, அது வாரக் கணக்கில் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

16. பார்த்துக்கொள்கிறவர் ஒரு நோட்டுப் போடுங்கள்.

மணி, மாத்திரை, இருமும்போது வலி எண், காய்ச்சல், மலம் போனதா. ஐந்து கட்டம் போதும். ரிவ்யூவுக்குப் போகும்போது அந்த நோட்டை நீட்டினால் டாக்டருக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது ஆஸ்பத்திரிக்கு ஒரு படி கீழே என்று தாழ்வாக நினைக்க வேண்டாம். காசநோய்க்கு நல்ல மருந்து வருவதற்கு முன்னால் நுரையீரலை அமுக்குவதற்காக ஒரே பக்கத்தில் பல விலாக்களை எடுப்பார்கள். அந்த நோயாளிகள் சானடோரியத்தில் மாதக் கணக்கில் கிடப்பார்கள். மருந்து வந்த பிறகு, நம் சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் வீட்டில் வைத்தியம் பார்த்தவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் நல்ல சாப்பாடும் இடவசதியும் இல்லாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போனதுதான் காரணம். நோய் வேறு, ஆனால் உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவுக்கும் கடிகாரத்துக்கும் அதே சட்டம்தான்.

17. எப்போது ஓட வேண்டும், எப்போது போன் போதும்.

திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சு இழுத்தால் கத்தி குத்துவது போன்ற நெஞ்சு வலி, உதடு நீலம், கழுத்தோ காயமோ வேகமாக வீங்குவது, நிற்காத ரத்தம், கை திடீரென்று வீங்கி நீலம் பாய்வது, அல்லது வெளுத்துச் சில்லிட்டு நாடி தெரியாமல் போவது, பிடித்திருந்த டம்ளர் நழுவும் அளவுக்குக் கை திடீரென்று பலம் இழப்பது: உடனே 108. நுரையீரலைச் சுற்றிக் காற்றோ ரத்தமோ சேர்ந்திருக்கலாம், ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், பால் போன்ற கசிவு, மாத்திரை போட்டும் இருமல் வலி எட்டுக்குக் கீழே இறங்காதது, வாந்தியால் மாத்திரை தங்காதது, இவற்றுக்கு அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு பக்கத்து இமை தாழ்ந்திருப்பது, முதுகுப் பட்டை எலும்பு புடைத்துத் தெரிவது, படுத்தால் மட்டும் லேசாக மூச்சு வாங்குவது ஆகியவை பக்கத்து நரம்புகள் தொந்தரவுபட்டதன் அறிகுறிகள். புதிதாகத் தெரிந்தால் ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் தகவல் சொல்லிவிடுங்கள்.

108-க்குப் பேசும்போது வீட்டு விலாசத்துக்கு அடுத்த வார்த்தையாக "நெஞ்சு ஆபரேஷன் ஆனவர்" என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். இரவு டியூட்டியில் இருக்கும் டாக்டருக்கு எந்த விலா, எந்தப் பக்கம், எந்த மாத்திரை என்று சொல்லப்போவது அந்தக் காகிதம்தான்.